ரப்பர் தேய்த்த இடம்

17-ஆவது கேள்விக்கு நேரே தாள் மெலிந்துபோயிருந்தது. 3 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பிறகு ரப்பரால் அழித்திருந்தார். வட்டம் போன பிறகும் விடாமல் தேய்த்திருக்க வேண்டும். அச்சடித்த 3-கூடப் பாதி உதிர்ந்திருந்தது. வேறு எண் எதையும் வட்டமிடவில்லை. மற்ற 23 கேள்விகளுக்கும் பதில் உண்டு, பெரும்பாலும் 0 அல்லது 1. இது மட்டும் காலி.

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். ஆன்மிக நுண்ணறிவு பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அந்த அறிவு கூடினால் மனிதன் வளர்வான், பதவியும் வளரும் என்று அழைப்பிலேயே போட்டிருந்தது. ஏசி ஹால், மத்தியானம் நல்ல சாப்பாடு, கடைசியில் ஒரு படிவம். கனடாவில் டேவிட் கிங் என்பவர் 2008-இல் உருவாக்கிய 24 கேள்விகளை ஒட்டி, பயிற்றுநர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டது அது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் 96. எனக்கு 81 வந்தது. வராமல் என்ன? வயிறு நிறைந்து, குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது உன் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்.

அந்தத் தாளுக்குரியவர் தர ஆய்வுப் பிரிவில் இருந்த பெரியவர். அவருக்கு 19. படிவங்களைக் கூட்டித் தொகுத்து மேலே அனுப்புவது என் வேலை என்பதால்தான் அந்த இடம் கண்ணில் பட்டது. 17-ஆவது கேள்வி இதுதான்: தான் செய்யும் வேலைக்குத் தன்னைத் தாண்டிய ஒரு நோக்கம் உண்டு என்பதை எவ்வளவு உணர்கிறார்?

எதற்காக அழித்தார்? 0 என்று நினைத்திருந்தால் 0-வை வட்டமிட்டிருக்கலாம். மற்ற இடங்களில் கூசாமல் போட்டிருக்கிறாரே. 3 அதிகம் என்று பட்டிருந்தால் 2 இருக்கிறது. காலியாக விட்டதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அவரிடமே கேட்டேன். ஆய்வு மேசையில் வரிசையாக இம்பெல்லர்கள். தலை நிமிராமல், “இதுக்குக் கேஜ் எதுங்க சார்?” என்றார். அவ்வளவுதான். அடுத்த பீஸை எடுத்துக்கொண்டார்.

மெஷின் ஷாப் பக்கம் போகாதவர்களுக்குக் கேஜ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு முனை உள்ள ஒரு கம்பி இருக்கும். ஒரு முனை கோ, மறு முனை நோ-கோ. கோ உள்ளே போக வேண்டும், நோ-கோ போகக் கூடாது. இரண்டும் ஒத்துவந்தால் பீஸ் பாஸ். துளை போட்ட ஆள் தன் பீஸை அளந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பாஸ் போடுவது வேறொருவர். அந்த வேறொருவரின் கேஜும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வெளியே காலிபரேஷனுக்குப் போய்விட்டு வர வேண்டும். தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளும் ஆளும் கிடையாது, கருவியும் கிடையாது. இப்படி ஒரு ஒழுங்கில் ஆயுளைக் கழித்தவரிடம் உங்களுக்கு நீங்களே மார்க் போடுங்கள் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் இந்த விளக்கமும் முழுதாகப் பொருந்தவில்லை. அப்படியானால் 24-ஐயும் காலியாக விட்டிருக்க வேண்டுமே.

இந்த அறிவை அளக்கலாமா என்ற சண்டை அவரோடு தொடங்கியதும் அல்ல. ஹவார்ட் கார்ட்னர் 1983-இல் அறிவு ஒன்றல்ல, ஏழு வகை என்று எழுதினார். டேனியல் கோல்மன் 1995-இல் உணர்வறிவு என்ற புத்தகத்தால் அலுவலகங்களைப் பிடித்தார். டானா ஸோஹர் 1997-இல் ஆன்மிக நுண்ணறிவு என்ற பேச்சைக் கொண்டுவந்து, 2000-இல் தன் கணவர் இயன் மார்ஷலுடன் சேர்ந்து அதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். 2004-இல் வந்த அடுத்த புத்தகத்தின் பெயரே ஆன்மிக மூலதனம். மூலதனம் என்றதும் கம்பெனிகளுக்குப் புரிந்துவிட்டது. அதே 2000-இல் உளவியலாளர் ராபர்ட் எம்மன்ஸ் ஆன்மிகத்தையும் ஓர் அறிவாகக் கொள்ளலாம் என்று எழுத, அறிவு பல வகை என்று சொன்ன கார்ட்னரே ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் பிறந்தோம், ஏன் சாகிறோம் என்று கேட்கும் திறன் ஒன்று இருக்கலாம், அதையும் அரை அறிவாகத்தான் எண்ணுவேன் என்று, அதற்குள் ஏழிலிருந்து எட்டாகியிருந்த தன் பட்டியலை எட்டரையோடு நிறுத்திக்கொண்டார். அந்த அரையை நான் மிகவும் மதிக்கிறேன். முழுதாகத் தெரியாததற்கு முழு எண் போடாத மனசு எல்லோருக்கும் வராது.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே, ஊதியூர் மலை தெரியும் தூரம். கொங்கணச் சித்தர் தவம் செய்த மலை, அங்கே பொன் ஊதினார் என்பார்கள். அப்பாவின் அம்மா, எங்களுக்கு ஆத்தா, அந்த மலையைக் காட்டித்தான் கதை சொல்லும். தவம் முடித்த கொங்கணவர் மேல் ஒரு கொக்கு எச்சமிட்டது. நிமிர்ந்து முறைத்தார், கொக்கு சாம்பலாகி விழுந்தது. அந்தத் தெம்போடு திருவள்ளுவர் வீட்டு வாசலில் போய்ப் பிச்சை கேட்டார். வாசுகி புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு மெதுவாக வந்தார். கொங்கணவர் முறைத்தார். “கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?”

எங்கள் வீட்டில் இது பழமொழியாகவே புழங்கியது. தோட்டத்திலிருந்து வந்து சோற்றுக்கு அவசரப்படுத்தும் அப்பாவிடம் ஆத்தா, “கொக்குன்னு நெனச்சியா? இரு, கொளம்பு கொதிக்குது” என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளும். அப்பாவும் அடங்கி உட்காருவார். அந்தச் சமயத்தில் எனக்குக் கதையில் பிடித்தது முறைத்தால் எரியும் கண்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டொருவரை முறைத்தும் பார்த்திருக்கிறேன்.

பின்னால் மகாபாரதத்தின் வனபர்வத்தில் இதே கதையைப் படித்தேன். எல்லாம் நினைவில் இல்லை. அங்கே கொக்கை எரிப்பவர் கௌசிகர் என்ற பிராமணர். அவரைக் காக்க வைக்கும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. தர்மம் தெரிய வேண்டுமென்றால் மிதிலைக்குப் போ, அங்கே கறிக்கடை வைத்திருக்கும் வேடனைக் கேள் என்று அனுப்புகிறாள். போனால் அவரும் கடையில்தான் இருக்கிறார். நீ எதற்கு வந்தாய், யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தவத்தை விட்டுவிட்டு வந்தவருக்கு, இறைச்சி விற்றுக்கொண்டு பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆள் தர்மம் சொல்கிறார்.

இந்தக் கதையை வைத்து எங்கள் ஆய்வாளரை விளக்கிவிடலாம் என்று சில நாள் சந்தோஷமாக இருந்தேன். வேலையே தவம், பார்ப்பவன் கண்ணுக்குத்தான் தெரியும், செய்பவருக்குத் தெரியாது என்று. ஆனால் கதை அப்படி இல்லையே. வாசுகிக்குத் தன் சக்தி தெரியும். வேடனுக்கும் தெரியும். அவர்களிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் 4 போட்டிருப்பார்கள், அழித்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்று இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதோடு சேர்ந்து மனசில் சுற்றுகிறது. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கும் 40 மாணவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. மற்றவர்களுக்கு, இந்தப் படிப்பு படித்தவர்களுக்கு என்னென்ன வேலை கிடைக்கும் என்பது. வழியில் ஒருவர் குனிந்து, இருமி, முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; அது ஏற்பாடு. அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். யாருக்கு எந்தத் தலைப்பு என்பதால் வந்த வித்தியாசம், புள்ளிவிவரப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். யார் எந்த விதத்தில் பக்தியுள்ளவர் என்று முன்கூட்டியே படிவம் வைத்து அளந்திருந்தார்கள். யார் நிற்பார், யார் தாண்டிப் போவார் என்பதை அந்த அளவு சொல்லவில்லை. கடிகாரம் சொன்னது.

இதைப் படித்தபோது ஆய்வாளரின் இன்னொரு பழக்கம் நினைவுக்கு வந்தது. அளவெடுப்பதற்கு உலகம் முழுக்க ஒரே வெப்பநிலை, 20 டிகிரி செல்சியஸ். 1931-இல் சர்வதேச எடை அளவுக் குழு முடிவு செய்தது. 100 மில்லிமீட்டர் உருக்குத் துண்டு ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேலே நீளும். ஆகவே மெஷினிலிருந்து சூட்டோடு வந்த பீஸை அவர் உடனே அளக்க மாட்டார். “ஆறட்டுங்க” என்பார். மாதக் கடைசியில் லாரி வாசலில் நிற்கும், புரொடக்‌ஷன் மேனேஜர் கத்துவார், அப்போதும் “ஆறட்டுங்க”தான். கோபமும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. ஒரு முறை மொத்த லாட்டையும் அவர் நிறுத்திவைக்க, அன்றைக்கு லாரி காலியாகத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

பீஸுக்கு ஆறின அளவுதான் நிஜ அளவு. மனுஷனுக்கும் அப்படியா? அந்த ஏசி ஹாலில் எங்கள் எல்லோரையும் ஆற வைத்து அளந்தார்கள். என் 81 அந்தக் குளிரின் அளவு. லாரி வாசலில் நிற்கும்போது என்னை அளந்தால் எவ்வளவு வரும் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒருவேளை அங்கே உட்கார்ந்துகொண்டே அந்தச் சூட்டை நினைத்திருப்பார். 3 என்று வட்டமிட்ட கை, நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு லாட்டை என்றைக்கோ நெருக்கடியில் விட்டுவிட்டதை நினைத்து ரப்பரைத் தேடியிருக்கும். இது என் கற்பனை. அவர் அப்படி விட்டார் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. பயிற்சியே எரிச்சலாகி, பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே சும்மா தேய்த்தாரோ என்னவோ.

பதவி விஷயத்துக்கு வருகிறேன். மொத்த மதிப்பெண்ணை ஒவ்வொருவருடைய பர்சனல் ஃபைலிலும் சேர்க்கச் சொல்லி மேலிடம் உத்தரவிட்டது. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 19-ஆல்தான் என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தைய வருடங்களிலும் அவர் பெயர் வந்ததில்லை. லாரியைத் திருப்பி அனுப்புகிறவரை எந்த மேனேஜர் சிபாரிசு செய்வார்? சீனியர் இன்ஸ்பெக்டராகவே ஓய்வு பெற்றார்.

அந்த அறிவு இருந்தால் பதவி தானாக வரும் என்று பயிற்றுநர் சொன்னதற்கு அவர் எதிர்ச்சாட்சி என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. உன் வேலையில் அர்த்தம் இருக்கிறதே, உனக்கு எதற்கு இன்கிரிமென்ட் என்று கம்பெனி கேட்பதற்கு நாமே எழுதிக்கொடுத்ததாகிவிடும். நர்ஸுகளிடமும் ஆசிரியர்களிடமும் இதைத்தானே காலங்காலமாகச் சொல்லிவருகிறோம், சேவை என்ற பெயரில். அவர் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. சம்பள முன்பணம் கேட்டு என் மேசைக்கு வந்தவர்தான் அவரும். பணம் போதவில்லை என்று அவர் சொன்னதுக்கும், லாட்டை நிறுத்திய உறுதிக்கும் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை.

அவர் பெரிய மனுஷரா, பிடிவாதக்காரரா, தன் தொழில் தெரிந்த ஓர் இன்ஸ்பெக்டர் மட்டும்தானா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆன்மிக நுண்ணறிவு என்று ஒன்று தனியாக இருக்கிறதா, அது வேலையை நேராகச் செய்வதற்கு நாம் வைத்துக்கொண்ட பெரிய பெயரா என்பதும் தெரியவில்லை. கார்ட்னருக்கே அரை என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும்?

மனிதவளப் பிரிவில் இருப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி நடத்துங்கள், படிவமும் கொடுங்கள். ஒரு நாள் உட்கார்ந்து தன்னைப் பற்றி யோசிப்பதில் கெடுதல் இல்லை. நிரப்பி முடித்ததும் தாளை அவரவர் வீட்டுக்கே எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஃபைலில் போடாதீர்கள்.