நம் சுவரும் அயலான் கரையும்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பணியாற்றிய குருக்களுக்கு ஆனி, ஆடி மாதத்து இரவுகள் மறப்பதற்கில்லை. கோவிலில் மணி ஒலிக்கும். வழிபாட்டுக்காக அன்று, கடல் ஏறிவிட்டது என்று அறிவிப்பதற்காக. விடியும்போது முன்வரிசை வீடுகளின் அடித்தளம் தொங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய ஓர் ஆண்டில் நாமும் பங்கு மக்களோடு மனு எழுதினோம்; ஆட்சியர் அலுவலகத்தின் படியேறினோம். தூண்டில் வளைவு வந்தது; அதையொட்டி அலைதடுப்புச் சுவரும் வந்தது. பாறாங்கற்களை அர்ச்சித்து இறைவனுக்கு நன்றி கூறினோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கோபம் கொள்ளவில்லை. "சாமி, உங்க ஊரைக் காப்பாத்துனீங்க, நல்லதுதான். ஆனா கடலை எங்க பக்கம் திருப்பி விட்டுட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். அவருடைய ஊரில் அவ்வாண்டு வீடுகள் விழுந்திருந்தன. அந்தச் சொல்லுக்கு அன்று நம்மிடம் பதில் இருக்கவில்லை. தன் வீட்டைக் காப்பது மனிதனின் உரிமை. குடும்பத் தலைவனுக்கு அது கடமையுங்கூட. ஆனால் நம் காவலே அயலானுக்குக் கேடாக முடியுமெனில், அந்த உரிமை எதுவரை செல்லும்?

பெரியவர் சொன்னதில் மிகையில்லை. அலை பெரும்பாலும் கரையைச் சாய்வாகவே தாக்குகிறது; தாக்கும்போது மணலையும் கரையோரமாகவே நகர்த்திச் செல்கிறது. ஓர் ஊரின் மணல் நேற்று பக்கத்து ஊரில் கிடந்தது. நாளை அடுத்த ஊருக்குப் போக வேண்டியது. கடலுக்குள் நீளும் கல்வரிசை அந்த மணலைத் தடுத்து ஒரு பக்கம் சேர்க்கிறது. மறுபக்கம் பட்டினி கிடக்கிறது. கரையோடு எழும் சுவரோ அலையின் வேகத்தைத் தணிப்பதில்லை, திருப்பியடிக்கிறது. திரும்பும் அலை சுவரின் அடிமணலைத் தோண்டுகிறது. சுவர் முடியும் இடத்தில் வளைந்து சென்று காப்பற்ற நிலத்தை அரிக்கிறது. வீடு நிற்கும், ஆனால் வள்ளம் ஏற்றவும் வலை காயப்போடவும் கரமடி இழுக்கவும் இருந்த மணற்கரை மறைந்துவிடும்.

இது குமரிக் கரைக்கு மட்டும் உரிய கணக்கன்று. கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபின், அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலான மீனவர் குடியிருப்புகள் நிலத்தை இழந்தன. ஒரே கட்டுமானம் நகரத்தாருக்கு உலாவும் மணலையும், மீனவருக்கு இழப்பையும் தந்தது. புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் எழுந்தபின் நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டப்பட்டது. அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழகத்து மீனவர் ஊர்களைப் பற்றியது. அங்கும் கல் கேட்க நேர்ந்தது.

இக்கேள்வி நீதிமன்றத்திற்கும் வந்ததுண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் கரையில் ஒரு சாராரின் கடல்தடுப்புகளால் தன் நிலத்தின்மீது அலை வலுத்துத் தாக்குவதாக அடுத்த நிலத்தார் முறையிட்டார். 1828-இல் மன்னர் நீதிமன்றம், கடல் அனைவர்க்கும் பொதுப் பகை, ஆகவே ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது. அதற்கு ஏறத்தாழப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, 533-இல், ஜுஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டநூல் கடலையும் கடற்கரையையும் அனைவர்க்கும் பொதுவான உடைமை என வகுத்திருந்தது. பொதுப் பகையா, பொது உடைமையா? பகை என்றால் முந்திக்கொண்டவன் பிழைப்பான். உடைமை என்றால் அடுத்தவனைக் கேளாமல் ஒரு கல்லையும் நகர்த்தலாகாது.

குருமடத்தில் நாம் கற்ற அறநெறி இயல், ஒரு செயலுக்கு நல்லதும் தீயதுமாக இரு விளைவுகள் உண்டாகும்போது என்ன செய்வது என்று ஆராய்கிறது. தீமை நம் நோக்கமாக இருத்தலாகாது. நன்மையை அடையும் வழியாகவும் இருத்தலாகாது. ஏற்க நேரும் தீமையை ஈடுசெய்யும் அளவுக்கு நன்மையும் கனமானதாக இருத்தல் வேண்டும். இடியும் வீட்டில் குழந்தையோடு நிற்பவன் கல் கேட்பதைக் குற்றமென எவரும் கூறார். கடலைப் பார்த்தபடி விடுதி கட்டித் தன் தோட்டத்திற்கும் படகுத்துறைக்கும் சுவர் எழுப்புபவன் அதே வாதத்தைச் சொல்ல இயலாது. புனித தோமா அக்குவினா, உடைமையைப் பேணும் பொறுப்பு தனி மனிதனுக்கு உண்டாயினும், அதன் பயன் பொதுவானது எனக் கற்பித்தார் அன்றோ?

நாமும் நம்மை விலக்கிக்கொள்ளலாகாது. முதல் கல் விழுந்தபோது நாம் அறியாமையில் இருந்தோம். அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. பெரியவர் வந்து சென்ற பின்னும் அவ்வாறே மனு எழுதினால் அது அறியாமை ஆகாது. தம்பி எங்கே என்று கேட்கப்பட்டபோது காயின் அளித்த மறுமொழியைச் சுவருக்குப் பின்னால் நின்று நாமும் சொன்னவர்களாவோம்.

அப்படியாயின் கடலுக்கு ஊரைக் கொடுத்துவிடுவதா? இல்லை. மனுவில் இரு ஊர்களின் கையொப்பமும் இருக்கட்டும். ஓர் ஊருக்கு மட்டும் என்று கேளாமல் கரை முழுவதற்குமான திட்டத்தைக் கேட்போம். துறைமுகம் தடுக்கும் மணலை எடுத்து மறுபக்கம் சேர்ப்பது இயலாத காரியமன்று. புதுச்சேரியில் 2018-இல் கடலடியில் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டபின், இழந்த மணல் ஓரளவு திரும்பி வந்ததை மக்கள் கண்டனர். எஞ்சியிருக்கும் மணல்மேடுகளையும் அடம்பங்கொடியையும் அழிக்காமல் விடுவது நம் கையிலேயே உள்ளது.

அடுத்த முறை மனு எழுத அமர்ந்தபோது, நாம் முதலில் பக்கத்து ஊருக்கு நடந்து சென்றோம். அந்தப் பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தார். அவருடைய கையொப்பம்தான் அம்மனுவில் முதலாவது.