நிரந்தர வதிவிடம்

கொட்டகலையில் லயக் காம்பிராவில் இருந்துகொண்டே யூடியூபில் காணொளி போடும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அதை அமெரிக்காவில் யாராவது பார்த்து விளம்பரக் காசு வந்தால், அந்தப் பங்கு அமெரிக்க வருமானமாகிவிடும். 2021 ஜூனிலிருந்து கூகுள் அதில் வரியைக் கழித்துக்கொண்டுதான் மீதியை அனுப்புகிறது. வழமையான வீதம் 30. இலங்கையும் அமெரிக்காவும் 1985இல் கைச்சாத்திட்டு, 2004இல் நடைமுறைக்கு வந்த இரட்டை வரி உடன்படிக்கையைக் காட்டினால் 10. அப்படிக் காட்டும் பத்திரத்தின் பெயர் டபிள்யூ-8பென்.

கழிவு நமக்குப் புதிதல்ல. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்த நாள் முதல் ஈ.பி.எஃப். 8 வீதம், சங்கத்துச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று எல்லாம் போன பிறகு கைக்கு வருவதைத்தான் சம்பளம் என்று பழகியிருக்கிறோம். ஆகவே 30 வீதம் யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. தடுமாற வைப்பது படிவத்தின் மூன்றாம் கட்டம்: நிரந்தர வதிவிட முகவரி. தபால் பெட்டி இலக்கம் கூடாது. இன்னாரின் பொறுப்பில் என்று எழுதும் முகவரியும் கூடாது.

தோட்டத்தில் பலருக்கு இருப்பதே அந்த இரண்டாவது வகை முகவரிதான். வீட்டுக்கு இலக்கமில்லை, வீதியில்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், கொட்டகலை, அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, யார் கையிலாவது ஏறி, ஒருநாள் வீடு சேரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வந்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

ஆனாலும் பிள்ளை டிவிசன் பெயரை எழுதிக் கையொப்பமிடுகிறது. பொய் சொன்னால் தண்டனை என்று கையொப்பத்துக்கு மேலே ஒரு வாசகம் இருக்கிறது. பொதுவாக அதற்கு மேல் சான்று கேட்பதில்லை. நான் இன்ன நாட்டில் வசிக்கிறேன் என்ற சொல்லை அமெரிக்கா நம்பிவிடுகிறது.

இதே கேள்வி இந்தப் பிள்ளையின் பூட்டனிடமும் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் திரும்பக் கேட்க ஒரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரிக்கு முன் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும்: மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம். வசித்ததற்குச் சாட்சி தேயிலைச் செடிதான். அது கடதாசி தராது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. மிச்சப் பேரை 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000 என்று பங்கு பிரித்தார்கள். 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1985இல் கொழும்பு தன் வதிவாளருக்காக வரி உடன்படிக்கையில் ஒப்பமிட்டபோதும் இந்த மலைகளில் நாடற்றோர் இருந்தார்கள். 2003இலும் அவர்களுக்காக ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

அமெரிக்கா தாராளமானது என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே ஒரு கையொப்பத்தால் போவது 20 வீத வரி. இங்கே போயிருக்கக்கூடியது வாக்கு. 1947 தேர்தலில் மலையகம் தன் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதைப் பார்த்தவர்களுக்கு அந்த விலை தெரிந்திருந்தது.

இப்போது நம்முடைய அரசும் நம்மைத் தேடுகிறது. 2024இலிருந்து 18 வயது நிறைந்தவர்கள் இறைவரித் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்கிறது. பதியுங்கள், பதிந்தால் கிடைக்கும் வரி அடையாள இலக்கம் (டின்) இல்லாமல் 10 வீதச் சலுகையைக் கேட்பது கஷ்டம். அமெரிக்காவில் கழித்ததற்கு வரும் 1042-எஸ் பத்திரத்தையும் எறிந்துவிடாதீர்கள். இங்கே வரி கட்ட நேர்ந்தால் கழித்த கணக்கைக் காட்ட அதுதான் ஆதாரம்.

2026இல் ஒப்பமிட்ட படிவம் 2029 டிசம்பர் 31 வரை செல்லும். அதற்குள் பிரதேச சபையும் தபால் திணைக்களமும் தோட்டத்து வீடுகளுக்கு இலக்கம் போட்டுக் கொடுக்கட்டும். அதற்கு எந்த நாட்டோடும் உடன்படிக்கை தேவையில்லை.