வளைந்துகொடுப்பது பலவீனமா?

வலிமை என்பது எது? தாக்க வருபவனை எதிர்த்து இறுகி நிற்பதா? அவனது விசைக்கு இடம் கொடுத்தும் தன் நிலையை இழக்காதிருப்பதா? மிகப் பழமையான இந்த அறக்கேள்விக்குச் சீன நாட்டின் ‘தாய் சி’ கலை உடலின் வாயிலாக விடை தேடுகிறது.

பூங்காக்களில் முதியோர் மெல்லக் கைகளை அசைத்துச் செய்யும் உடற்பயிற்சியாகவே பலர் இதனை அறிவர். ஆனால் பிறப்பால் இது ஒரு போர்க்கலை. ஹெனான் மாநிலத்தில் சென் குலத்தார் வாழும் கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டில் சென் வாங்டிங் என்ற வீரர் இதனைத் தோற்றுவித்தார் என்பது அக்குலத்தாரின் மரபு. 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் (1799-1872) அங்கே சென் சாங்சிங் என்ற ஆசானிடம் பயின்று, பின்னர் பீஜிங் நகரில் கற்பித்தார். அவருடைய பேரர் யாங் செங்ஃபூவின் (1883-1936) வாயிலாக, மெதுவான, விரிந்த அசைவுகள் கொண்ட முறை பரவலாயிற்று. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவத்தை வகுத்தது. 2020-இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதனை ‘அகக்கலை’ என்று சீனர்கள் அழைப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே தசைகளை முறுக்கேற்றுவது முதற்பாடம் அன்று. வீண் இறுக்கத்தை விடுவதே முதற்பாடம். முழங்கால்களைச் சற்றே மடக்கி, முதுகை நேராக்கி, அசையாமல் நிற்கப் பழகுகிறான் மாணவன். உடலின் பாரம் முழுவதையும் ஒரு காலில் தாங்கிய பிறகே மறுகாலை எடுத்து வைக்கிறான். இடுப்பு திரும்ப, அதைத் தொடர்ந்து கை செல்கிறது. மனம் முன்னே செல்ல, உடல் பின்தொடர்கிறது. இவ்வளவு எளிய செயலைப் பழகவும் ஆண்டுகள் பல வேண்டும்.

இரண்டு பிழைகள்

தனியே பயிலும்போது எவரும் தம்மைச் சாந்தமானவர் என்று எண்ணிக்கொள்ளலாம். அந்த எண்ணத்தைச் சோதிப்பதற்கென்றே ‘தள்ளும் கைகள்’ என்ற பயிற்சி உள்ளது. இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகள் தொட்டபடி, ஒருவர் விசையை மற்றவர் உணர்ந்து தள்ளுகின்றனர். தள்ளப்பட்டவுடன் புதியவனின் தோள்கள் இறுகுகின்றன, மூச்சு தடைப்படுகிறது. ‘நான் தோற்கக்கூடாது’ என்ற அகங்காரமே அவ்வாறு இறுகுகிறது. அந்த இறுக்கத்தையே பிடியாகக்கொண்டு, தேர்ந்தவர் அவனை எளிதில் நிலைகுலையச் செய்துவிடுகிறார்.

இங்கே இருவகைப் பிழைகளை ஆசான்கள் சுட்டுகின்றனர். விசையோடு விசை மோதுவது ஒன்று. தொடர்பை இழந்து விலகிப்போவது மற்றொன்று. இவ்விரண்டாம் பிழையை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். வாழ்க்கையில் அச்சத்தால் ஒதுங்குவதைப் பொறுமை என்றும், அநீதியைக் கண்டு வாய் மூடுவதை விட்டுக்கொடுத்தல் என்றும் பெயரிட்டு அழைக்கிறோம். தாய் சி அதனை ஏற்பதில்லை. வளைபவன் எதிராளியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவன் பாதங்கள் மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். வேரற்று வளைவது சரிவேயாகும்.

அமைதியை நாடுபவன் போர்க்கலையை ஏன் பயில வேண்டும் என்று கேட்கலாம். தள்ளுவதற்கு ஒருவர் இல்லையெனில், தன் மென்மை பண்பா, இயலாமையா என்பதை அவன் எவ்வாறு அறிவான்? இத்தகைய சோதனை பயிற்சிக்கூடத்தோடு முடிவதில்லை. இல்லத்திலும் அலுவலகத்திலும் ஒரு கடுஞ்சொல் நம்மீது வந்து விழும்போதெல்லாம் அது நிகழ்கிறது. சொன்னவரை வெறுக்காமலும் அவரிடமிருந்து ஓடாமலும், சொல்ல வேண்டிய உண்மையை நிதானமாகச் சொல்ல முடிந்தால், அங்கே இரு பிழைகளும் நீங்குகின்றன.

பல முறை தள்ளப்பட்டு, நிலை தவறி, மீண்டும் வந்து நிற்பவனுக்கே இந்தப் பக்குவம் வாய்க்கிறது. தோல்வியை ஆசானாக ஏற்பவன் நாளடைவில் இறுக்கத்தை இழக்கிறான், உறுதியைப் பெறுகிறான்.