மதிப்பெண்ணும் உயிரின் அறிவும்

ஓர் உயிரின் அறிவை அளந்து ஓர் எண்ணால் கூற இயலுமா? அமெரிக்க நாட்டுக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய செய்திகளைக் காணுந்தோறும் இவ்வினா நம்முள் எழுகின்றது.

அங்குக் கல்லூரியில் சேர விழைவோர் எழுதிவந்த பொதுத் தேர்வுகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று 1926-இல் தொடங்கிய எஸ்.ஏ.டி.; மற்றொன்று 1959-இல் தோன்றிய ஏ.சி.டி. பின்னர் 2015-இல் சி.எல்.டி. என்னும் மாற்றுத் தேர்வு உருவாயிற்று. பழம்பெரும் நூற்பகுதிகளைப் படித்துணரும் திறனையும், இலக்கணத்தையும், கணக்கறிவையும் அது சோதிக்கின்றது. புளோரிடா மாநிலத்தின் 12 அரசுப் பல்கலைக்கழகங்களிலும் சேர்க்கைக்கு இதனையும் ஏற்கலாம் என 2023 செப்டம்பரில் அவற்றின் ஆட்சிக்குழு முடிவு செய்தது.

வழியொன்று கூடியது நன்றே என்பர் ஒரு சாரார். இத்தேர்வின் மதிப்பெண்ணுக்கும் கல்லூரியில் மாணவர் பெறும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை என்பர் மறு சாரார். கலிபோர்னியப் பல்கலைக்கழகமோ 2021-இல், எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்களைச் சேர்க்கைக்குக் கருதுவதையே கைவிட்டது.

பொருளின் பல தன்மைகளுள் ஒன்றை நோக்கிக் கூறுவது நயம். அது தன் எல்லையை மறந்து, 'இதுவே முழுமை' எனச் சாதிக்குமாயின் ஏகாந்தமாகிவிடும். அளவுகோல் மூன்றானமையால் அநேகாந்தம் வந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. மூன்றனுள் ஒன்றை எழுதிய மாணவரைத் தேர்வு ஒரு பக்கமாகவே காண்கின்றது.

உயிரின் இயல்பு அனந்த ஞானம். அதனை மறைப்பது ஞானாவரணீய வினை. ஒரு நாளில், சில மணிப்பொழுதில், அம்மறைப்பு எத்துணை விலகியிருந்தது என்பதன் ஒரு சிறு கூற்றையே தேர்வு காட்டவல்லது. இடங்கள் சிலவாய், நாடுவோர் பலராய் இருக்கும் உலகியலில் ஏதேனும் ஓர் அளவு வேண்டும். வியவகார நயத்தால் அது ஏற்கத்தக்கதே. நிச்சய நயத்தாலோ முதலிடம் பெற்றவரும் இடமே பெறாதவரும் உயிரியல்பில் ஒப்பர்.

ஆதலின், தாம் காண்பது எது, காணாதது எது என்பதை வெளிப்படக் கூறுதல் அளப்போர் கடமை. 'சியாத்' என்னும் சொல் நமக்குக் கற்பிக்கும் அடக்கமும் அதுவே. நமக்கும் கடமை உண்டு. மதிப்பெண் குறைந்த பிள்ளையை இகழ்ந்துரைத்தல் சொல்லால் செய்யும் இம்சை. மிகுந்த மதிப்பெண்ணால் செருக்குறுதல் எண்வகை மதங்களுள் ஒன்றாகிய ஞான மதம். நம் இல்லங்களில் இவ்விரண்டும் நிகழாது காப்போமாக.