கலையும் பித்தும்

இருமுனைய மனநோயின் எழுச்சிக் கட்டத்தில் பலருக்கு முதலில் குறைவது தூக்கம். இரண்டு மணி நேரம் படுத்தெழுந்தாலும் களைப்புத் தெரியாது. பேச்சு விரையும், காக்கை கரைவதும் வானொலிப் பாட்டும் தனக்கென்றே வந்த செய்திகளாகப் படும். இந்த நிலை ஒரு வாரமாவது நீடித்தால் மருத்துவம் அதைப் பித்து நிலை என்கிறது. கடவுள் தன்னைத் தெரிந்தெடுத்துவிட்டார் என்ற உறுதி சிலருக்கு இந்நாட்களில்தான் பிறக்கிறது. அதற்கு உருவம் கொடுப்பது வளர்ந்த ஊர். இலங்கையின் புத்தளம் கரையோரத்தில், உடப்புக்காரரிடம் திரௌபதை அம்மன் பேசுவாள். தலவிலைக்கு நேர்த்தி வைத்து வளர்ந்தவருக்குப் புனித அன்னம்மாள் தோன்றுவார். கற்பிட்டி முஸ்லிம் ஒருவர் இரவெல்லாம் தொழுது, இறைவனின் தனிப்பணிக்குத் தான் அழைக்கப்பட்டதாக நம்புவார்.

தெய்வம் மனிதரில் இறங்குவது இக்கரைக்குப் புதிதல்ல. உடப்பின் 18 நாள் ஆடி விழாவில், தீமிதிப்பு நெருங்கும்போது கலை, அதாவது தெய்வ அருள், வந்து ஆடுவோரை யாரும் வைத்தியரிடம் கொண்டு ஓடுவதில்லை. திருநீறு பூசி, தாங்கிப் பிடித்து, தண்ணீர் கொடுப்பார்கள். கலை அடங்கும், ஆடியவர் வீடு திரும்பித் தூங்குவார், பிறகு கடலுக்குப் போவார். பித்தில் வரும் தெய்வம் விட்டுப் போவதில்லை. விழா முடிந்த பிறகும் பேசுகிறது, வள்ளத்தை விற்று அன்னதானம் செய்யச் சொல்கிறது, தடுக்கும் மனைவியைப் பகையாகக் காட்டுகிறது. தொடக்கத்தில் 'பக்தி கூடிவிட்டது' என்று வீட்டார் மகிழ்வதுமுண்டு. அந்த மகிழ்ச்சியில் கழியும் நாட்கள் நோயாளிக்கு மிகப் பெரிய இழப்பு. ஆகவே வந்தது கடவுளா, நோயா என்று வழக்காடுவதைவிட, அவர் தூங்கினாரா, வேலைக்குத் திரும்பினாரா என்று பார்ப்பதே உதவும்.

கோயிலையும் தர்காவையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலொன்றில் தங்கிய 31 மனநோயாளரை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆய்ந்து 2002இல் வெளியிட்டனர். அவர்களில் இருவர் பித்து நிலையில் இருந்தவர்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆதரவான இடம் ஆற்றும் என்பதற்கு அது சான்று. ஆனால் எல்லா இடமும் ஆற்றுவதில்லை. அந்த ஆய்வு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, மன்னார் வளைகுடாவின் மறுகரையில் உள்ள தர்கா ஊரான ஏர்வாடியில், தனியார் காப்பகமொன்றில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர்.

எழுச்சி வடிந்ததும் பலருக்குச் சோர்வு வருகிறது. நேற்றுப் பேசிய தெய்வம் இன்று மௌனம். கைவிடப்பட்டேன் என்ற எண்ணமும், செய்தவற்றின் வெட்கமும் சேர்ந்து உயிரையே மாய்க்கத் தூண்டலாம். அப்போது அந்த அனுபவத்தைப் பொய்யென்று இகழ்பவரிடம் நோயாளி வாய் திறக்கமாட்டார். கேட்டுக்கொள்ளும் ஒருவர் வேண்டும், ஒரு குருக்களோ பாதிரியாரோ மௌலவியோ, மருந்தை நிறுத்தச் சொல்லாத ஒருவர். இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவகத்தையும் அழைக்கலாம்.

பித்தைத் தணிக்க லித்தியம் உதவும் என்று ஆஸ்திரேலியாவில் மனநல மருத்துவர் ஜான் கேட் 1949இல் அறிவித்தார். அதுவும் ஓர் உப்பே. உடலில் நீர் வற்றினாலோ, சோற்றுப்பு திடீரெனக் குறைந்தாலோ இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். வெயிலில் விரதமிருப்பவருக்கும் நோன்பு பிடிப்பவருக்கும் இது நேரக்கூடும். காப்புக் கட்டும் முன்னரே, நோன்பு தொடங்கும் முன்னரே வைத்தியரிடம் சொன்னால், இரத்தத்தைச் சோதித்து, விரதம் ஏற்றதா, எவ்வளவு மருந்து என்று அவர் முடிவு செய்வார்.