பித்தளை ஒட்டும் மூன்று அளவைகளும்

பிரேசிங் என்பது இணைக்க வேண்டிய உலோகத்தை உருக்காமல், அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் வேறோர் உலோகத்தை இடையில் ஓடவிட்டு ஒட்டும் முறை. இடை உலோகம் 450 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகுவதானால் அது பிரேசிங். அதற்குக் கீழே என்றால் சால்டரிங். எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். பித்தளைக் கம்பி 900 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். பொற்கொல்லர் வெண்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவதும் இந்த வகை வேலைதான். வெல்டிங்கில் இரு குழாய்களின் விளிம்புகளும் உருகி ஒன்றாகிவிடுகின்றன. பிரேசிங்கில் இரண்டும் இரண்டாகவே நிற்க, மூன்றாவது ஒன்று நடுவில் இருந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கட்டிய மோட்டார் சைக்கிள் ஃபிரேமை நம்பலாமா என்பதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. அந்த ஒட்டு உறுதியானதாக இருக்க முடியுமா என்பது ஒன்று. கண்முன் இருக்கும் இந்த ஒட்டு உறுதியானது என்று எப்படி அறிவது என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் பந்தயக் களத்திலேயே விடை கிடைத்திருக்கிறது. 1950இல் நார்ட்டன் பந்தய வண்டிகளில் வந்த ‘ஃபெதர்பெட்’ ஃபிரேம் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்தது. ரெனால்ட்ஸ் 531 குழாய்களை வெண்கலக் கம்பியால் ஒட்டிக் கட்டியது. 1960களில் புகழ்பெற்ற ரிக்மன் சகோதரர்களின் ‘மெட்டீஸ்’ ஃபிரேம்களும் அவ்வாறே கட்டப்பட்டன. 531 என்பது மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த, சுவர் மெலிந்த எஃகுக் குழாய். அதை உருக்கி இணைத்தால் ஒட்டின் ஓரம் வலுவிழக்கும் என்பதால் குறைந்த சூட்டில் ஒட்டும் முறை விரும்பப்பட்டது. மூட்டைச் சுற்றி உலோகம் அகன்ற வளைவாகப் படிவதால், விசை ஒரே கோட்டில் குவியாமல் பரவுவது இன்னொரு நன்மை.

ஆனால் இந்த உறுதிக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. துருவும் எண்ணெயும் முழுதும் நீங்க வேண்டும். எஃகு போதிய சூடேறாவிட்டால் பித்தளை பற்றாமல் மேலே திரண்டு நிற்கும். சூடு மிஞ்சினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் ஆவியாகி ஒட்டில் நுண்துளைகள் விழும். இழுவிசையில் இருக்கும் சூடான எஃகின் மேல் உருகிய செம்பு பட்டால், அது எஃகின் மணிகளுக்கிடையே புகுந்து விரிசல் உண்டாக்கும். ஒருமுறை பித்தளை ஓடிய இடத்தில் பிற்பாடு ஆர்க் வெல்டிங் வைத்தால், செம்பும் துத்தநாகமும் கலந்து அந்த வெல்டிங்கே விரிசல் விடும். எனவே ‘பிரேசிங் பாதுகாப்பானது’ என்ற கூற்று முறைப்படி செய்த ஒட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது கேள்வியின் கடுமை மலைப்பாதையில் தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை, பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரமுள்ளது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்கிறது. அப்போதெல்லாம் பாரம் முன்னே சாய்ந்து, ஃபோர்க் பொருந்தும் கழுத்துப் பகுதியை வளைக்கப் பார்க்கிறது. ஃபிரேம் பெரும்பாலும் ஒரே அடியில் முறிவதில்லை. தாங்கக்கூடிய சிறு விசைகள் லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்து, ஒரு நுண்துளையிலிருந்து விரிசலை மெல்ல வளர்க்கின்றன. உலோகச் சோர்வு எனப்படும் இது பெயிண்டுக்கு அடியில் நடப்பதால், முறியும் நாள் வரை ஒட்டு நன்றாகவே தோன்றக்கூடும்.

காணாததை அறிவது எப்படி என்பதைத் தமிழ்த் தத்துவம் அளவை என்ற தலைப்பில் ஆராய்ந்தது. வெள்ளிமலை இருக்கும் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அடுத்துள்ள திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் மெய்கண்டார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் அறிவு பிறக்கும் வழிகளைப் பத்தாக எண்ணி, அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார்.

காட்சி ஐயமும் திரிபும் நீங்கியதாக இருக்க வேண்டும். ஒட்டைப் பொறுத்தவரை அது மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. சீரான வளைவு, பிசிறில்லாத ஓரம் ஆகியவை கைத்திறனைக் காட்டும். உள்ளே பித்தளை பற்றியிருக்கிறதா என்பதைக் காட்டாது. சாயம் தடவிச் செய்யும் சோதனையும் மேலே வாய் திறந்த விரிசலையே வெளிப்படுத்தும்.

கருதலுக்கு இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்று ஏதுக்களைச் சித்தியார் சொல்கிறது. புகையிலிருந்து நெருப்பை அறிவது காரிய ஏது. குளிர் இல்லாததிலிருந்து பனி இல்லை என்று அறிவது அநுபலத்தி. ‘விரிசல் தெரியவில்லை, ஆகவே விரிசல் இல்லை’ என்பதும் அநுபலத்தியைப் போலவே ஒலிக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. இருந்தால் கண்ணுக்குப் படக்கூடிய பொருள் படாதபோதுதான் அது இல்லை என்று துணியலாம் என 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி வரையறுத்தார். உள்விரிசல் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. அதனால் காணாமை இங்கே சான்றாகாது. வண்டி பல ஆண்டு ஓடியது என்பதும் இதைவிட வலுவான சான்றன்று. சோர்வில் விரிசல் வளர்வதே அந்த ஆண்டுகளில்தான்.

இயல்பைக் கொண்டு கருதுவது கூடுதல் பயன் தரும். அதே குழாய், அதே கம்பி, அதே சூடு, அதே கை கொண்டு ஒரு மாதிரி ஒட்டைச் செய்து, அறுத்தும் முறித்தும் பார்க்கலாம். ஆனால் முறித்துப் பார்த்த ஒட்டில் யாரும் பயணம் செய்யப்போவதில்லை. பயணம் செய்யும் ஒட்டை முறித்துப் பார்க்கவும் முடியாது. ஒன்றைப் பற்றிய அறிவு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமானால், இரண்டும் ஒரே முறையில் செய்யப்பட்டவை என்று தெரிய வேண்டும். செய்தவர் சொன்னால்தான் அது தெரியும்.

இவ்விடத்தில் உரை தவிர்க்க முடியாததாகிறது. சித்தியாரில் உரை அளவை இறைநூலையே குறிக்கிறது. நியாய மரபோ அதை உலக வழக்குக்கும் விரிக்கிறது. ஒன்றை நேரில் அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் முனிவரானாலும் மிலேச்சரானாலும் அவர் சொல் அளவையாகும் என்கிறார் நியாய சூத்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். அப்படிப் பார்த்தால் சான்றிதழ் பெற்ற தொழிற்சாலைக்கும் சாலையோரப் பட்டறைக்கும் ஒரே தகுதிதான் கேட்கப்படுகிறது. என்ன குழாய், என்ன கம்பி, முன்பு அதே இடத்தில் என்ன ஒட்டு இருந்தது என்று அறிந்திருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பழைய பித்தளை ஒட்டைச் சுரண்டிவிட்டு வெல்டிங் வைத்து, அதைச் சொல்லாமல் பெயிண்ட் அடிப்பவர் இந்தத் தகுதியை இழக்கிறார்.

பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதையும் இந்த நோக்கில் புரிந்துகொள்ளலாம். ஓட்டுபவர் ஒட்டைப் பற்றி ஓரளவு கேட்டறியக்கூடும். பின்னிருக்கையில் அமர்பவரும் எதிரே வருபவரும் எந்த அளவையாலும் அதை அறிய வழியில்லாதவர்கள். ஆயினும் முறிவின் விளைவு அவர்களையும் சேர்கிறது.

ஆகவே மோட்டார் சைக்கிள் ஃபிரேம் கட்டப் பிரேசிங் தகுந்த முறைதான். குழாயும் கம்பியும் சூடும் அறியப்பட்டு, மாதிரி ஒட்டு முறித்துப் பார்க்கப்பட்டு, செய்தவர் செய்ததை மறைக்காமல் சொல்லும் இடத்தில் அதை நம்புவது அறிவுக்கு ஒத்தது. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும், முறை நல்லதாக இருந்தும் அந்த ஒட்டை நம்ப ஏதுவில்லை.