சால்வையும் யாத்திரையும்

மதுர்பாபு ஒருமுறை ஸ்ரீராமகிருஷ்ணருக்கு உயர்ந்த சால்வை ஒன்றை வாங்கி அளித்தார். அதன் விலை ஆயிரம் ரூபாய். தட்சிணேசுவரக் கோயிலிலிருந்து குருதேவருக்குக் கிடைத்துவந்த மாதத் தொகையோ ஏழு ரூபாய். முதலில் அவர் அதைக் குழந்தைபோல் மகிழ்ச்சியுடன் போர்த்திக்கொண்டு, எதிர்ப்பட்டோரிடமெல்லாம் காட்டினார். சற்று நேரத்தில் விசாரம் எழுந்தது. இதில் இருப்பது ஆட்டு ரோமம்தானே? குளிரைத் தடுக்க ஒரு கம்பளியே போதாதா? இறைவனை அடைய இது உதவுமா? மாறாக, பிறரைவிடத் தான் உயர்ந்தவன் என்ற எண்ணத்தையல்லவா வளர்க்கும்? உடனே அதைத் தரையில் எறிந்து, மிதித்து, கொளுத்தவும் முற்பட்டார். அருகிலிருந்தவர் அதைக் காப்பாற்றினார். செய்தி அறிந்த மதுர்பாபு வருந்தவில்லை, குருதேவர் செய்தது சரியே என்றார்.

பொருள்களைச் சேர்ப்பதைவிட அனுபவங்களுக்குச் செலவிடுவதே மேலானது என்ற கருத்து இன்று பரவலாகப் பேசப்படுகிறது. 2003-இல் வான் போவன், கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் தம் ஆய்வின் வழியாக இதையே எடுத்துக்காட்டினர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. புதிதாக வாங்கிய பொருள் விரைவில் பழகிவிடுகிறது. அடுத்த வீட்டில் அதைவிடச் சிறந்தது வந்துவிட்டால் மதிப்பையும் இழக்கிறது. பயணமோ நினைவில் நெடுநாள் இனிக்கிறது.

எனினும் நம் முன்னோர் இவ்விரண்டையும் வேறு வேறாகக் கருதவில்லை. செல்வத்தின் முடிவுகளாகத் தானம், போகம், அழிவு என்ற மூன்றையே காண்கிறார் பர்த்ருஹரி. சால்வையும் சுற்றுலாவும் போகம் என்ற ஒரே வகையில் அடங்கிவிடுகின்றன. ஏனெனில் அனுபவமும் உடைமையாக மாறக்கூடியது. 'பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்பது முடிந்துவிட்டன' என்று சொல்லும் யாத்திரிகர்கள் இருக்கிறார்கள். முடிந்துவிட்டனவாம்! அலமாரியில் அடுக்கப்படும் பொருளுக்கும் இவ்வாறு எண்ணப்படும் தரிசனத்துக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவே.

மதுர்பாபு யாத்திரைக்கும் செலவு செய்தவர். 1868 ஜனவரியில் குருதேவரையும் நூற்றுக்கும் மேற்பட்டோரையும் அழைத்துக்கொண்டு, ரயில் பெட்டிகளைத் தனியாக அமர்த்தி, வடநாட்டுத் திருத்தலங்களுக்குப் புறப்பட்டார். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவானதாக வரலாறு கூறுகிறது. வழியில் வைத்தியநாதர் எழுந்தருளியுள்ள தேவ்கரில் தங்கினார்கள். அருகிலிருந்த சிற்றூரின் மக்கள் எண்ணெய் காணாத தலையும் கந்தலும் பசியுமாக இருப்பதைக் குருதேவர் கண்டார். ஒவ்வொருவருக்கும் தலைக்கு எண்ணெயும், ஓர் ஆடையும், வயிறார ஒருவேளை உணவும் தருமாறு மதுர்பாபுவிடம் கூறினார்.

மதுர்பாபு தயங்கினார். யாத்திரைக்கு நிறையச் செலவாகும். இத்தனை பேருக்குக் கொடுத்தால் பணம் போதாமல் போகலாம் என்றார். இது கருமியின் பேச்சன்று. புனிதமான ஓர் அனுபவத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைக் காக்க விரும்பிய நல்லவரின் கணக்கு இது. ஆகவேதான் இதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று. குருதேவர் வாதிடவும் இல்லை. கண்ணீர் பெருக, தாம் காசிக்கு வரப்போவதில்லை, ஆதரவற்ற இவர்களுடனேயே இருக்கப் போவதாகக் கூறி அம்மக்களின் நடுவே சென்று அமர்ந்துவிட்டார். மதுர்பாபு கல்கத்தாவிலிருந்து துணிகளை வரவழைத்தார். எல்லோருக்கும் கொடுத்த பிறகே குருதேவர் எழுந்தார்.

சால்வையும் பொருளே, அந்த எளியவர்களின் ஆடையும் பொருளே. ஒன்றை மிதித்தவர், மற்றொன்றுக்காகக் காசியையே விட்டுவிடத் துணிந்தார். சால்வை 'நான்' என்பதை வளர்த்தது. அந்த ஆடையைக் கொடுத்தபோது 'எனது' என்பது குறைந்தது. பிறருக்காகச் செலவிடுவோரே மிகுதியான மகிழ்ச்சி அடைகிறார்கள் என்று 2008-இல் ஆய்வாளர் சிலர் எழுதினார்கள். தேவ்கரில் மகிழ்ச்சி என்ற கணக்கே எழவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

காசியில் கேதார கட்டத்துக்கு அருகே இரண்டு வீடுகள் அமர்த்தப்பட்டன. மதுர்பாபு வெளியே செல்லும்போது வெள்ளிக் குடை பிடிக்கப்பட்டது. ஒருநாள் அவரும் மற்றவர்களும் அமர்ந்து சொத்து, லாபம், நஷ்டம் என்று பேசத் தொடங்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்த குருதேவர் அழுதார். 'அம்மா, என்னை எங்கே கொண்டுவந்தாய்?' என்று தேவியிடம் முறையிட்டார். தட்சிணேசுவரத்திலேயே நன்றாக இருந்தேனே என்பது அவருடைய ஏக்கம். இத்தனை செலவில் உடல்கள் காசிக்கு வந்து சேர்ந்திருந்தன. மனங்களோ கல்கத்தாவில் இருந்தன.

பிருந்தாவனம் சென்று மீண்டும் காசிக்குத் திரும்பியதும் மதுர்பாபு கற்பகத் தருவாக அமர்ந்து கேட்டவர்க்குக் கேட்டதை வழங்கினார். குருதேவரையும் ஏதாவது கேட்குமாறு வேண்டினார். அவருக்கோ எந்தத் தேவையும் தோன்றவில்லை. மிகவும் வற்புறுத்தியபின் ஒரு கமண்டலம் கேட்டார்.

பிருந்தாவனத்திலிருந்து அவர் கொண்டுவந்தது சிறிது மண். தட்சிணேசுவரம் திரும்பியதும் அதைப் பஞ்சவடியைச் சுற்றித் தூவினார். பின்னர் வைஷ்ணவ கோஸ்வாமிகளையும் பக்தர்களையும் வரவழைத்து அங்கே ஒரு விழா நடத்தச் செய்தார். மதுர்பாபு இம்முறை தயங்கவில்லை. கோஸ்வாமிகளுக்குத் தலைக்குப் பதினாறு ரூபாயும் பக்தர்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் காணிக்கையாக வழங்கினார்.